போணிக்கு முன் வந்த சம்மன்

1

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஃபேன் காற்று இந்தப் பக்கம்தான் வருகிறது. ஒரு கோர்ட்டுக் கதை சொல்கிறேன். பயப்படாதீர்கள், இதில் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை.

மந்தைவெளியில் மீன் வாங்க நின்றபோது கிடைத்த கதை இது. பக்கத்தில் ஒருத்தர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "சம்மனை வாங்கவே வாங்காதே. வாங்கலன்னா கேஸ் நிக்காது." மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் தேசம்மாவை உண்டாக்கினேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"புயல் சுழன்றடித்த விடியலில், காய்ச்சலில் துவண்டு கிடந்த தேசம்மாவின் கதவை யாரோ…"

வேண்டாம். உங்களை அழவைக்கப் பார்க்கிற வாக்கியம் இது. அவளுக்குக் காய்ச்சலே இல்லை. (காய்ச்சலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

தேசம்மா மூன்று சக்கர வண்டியில் மீன் விற்பவள். அவள் வீடு சந்திரமௌலியின் வீட்டுக்குப் பின்னால். வண்டி தெருவுக்கு வர ஒரே ஒரு சந்துதான். அந்தச் சந்து தன் மனையைச் சேர்ந்தது, அவள் அதில் வரக்கூடாது என்று சந்திரமௌலி வழக்குப் போட்டார். (வழக்குப் போட்டவர் வாதி. எதிர்ப்பக்கம் பிரதிவாதி. பிரதிவாதி என்றால் குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். "உன் பக்கம் என்ன, வந்து சொல்" என்று கோர்ட் அவளைக் கேட்கிறது. அப்படிக் கேட்கிற காகிதம்தான் சம்மன்.)

அதைக் கொண்டுவந்த கோர்ட் அமீனா கோதண்டபாணி காலை ஏழு மணிக்கு வந்து சேர்ந்தார். தேசம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்கம்மா."

"இன்னும் போணி ஆவல நைனா. மொத யாவாரம் ஆவாம காயிதம் கைல வாங்க மாட்டேன். பத்து மணிக்கா வா."

"கோர்ட்டு காயிதம்மா!"

"ரோமாபுரிலேர்ந்து வந்த காயிதமா இருந்தாலும் பத்து மணிக்குத்தான். ஒண்ணு பண்ணு, அர கிலோ சங்கரா வாங்கிக்க. போணி ஆயிடும், நானும் வாங்கிக்கிறேன்."

"நான் சைவம்மா."

அவர் "வாங்க மறுத்தார்" என்று எழுதி, ஒரு நகலைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார். தேசம்மா திரும்பி வந்தபோது கதவில் நாலு பசைத் தடம்தான் இருந்தது. காகிதத்தைக் கடல் காற்று கொண்டுபோயிருந்தது.

3

வாங்காத காகிதம் நம்மை ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறோம். செய்யும். மறுத்தால், கொடுத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். பிரதிவாதி வராவிட்டால் வாதி சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதலாம். அதற்கு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்று பெயர்.

தேசம்மாவுக்கும் அப்படித்தான் தீர்ப்பானது. ஒருநாள் காலை, சந்திரமௌலி சந்தில் புதிதாகப் போட்ட கதவில் பூட்டுத் தொங்கியது. வண்டி உள்ளேயே நின்றது.

(சந்திரமௌலியைக் கொடியவராக்கிப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன், ஒட்டவில்லை. காரை நிறுத்த இடமில்லாத மனிதர், அவ்வளவுதான்.)

4

சட்ட உதவி மையத்தில் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. தேசம்மாவுக்கு வஜீஹா என்ற இளம் வக்கீல் கிடைத்தாள்.

"தீர்ப்பாகி பன்னெண்டு நாள்தான் ஆகுதுக்கா. முப்பது நாளுக்குள்ள ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். ஆனா ஏன் கோர்ட்டுக்கு வரலைன்னு சரியான காரணம் சொல்லணும்."

தேசம்மா போணியைச் சொன்னாள். வஜீஹா பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதை எழுதினா, மறுத்தோம்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அன்னைக்கு உடம்பு கிடம்பு… காய்ச்சல் ஏதாவது?"

பார்த்தீர்களா, முதலில் நான் எழுதி வேண்டாமென்று அடித்துவிட்ட காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது. நான் அதை எழுதினால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள். பிரமாண வாக்குமூலம் அப்படியில்லை. உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும்.

"எனுக்கா? காய்ச்சலு என்ன பாத்தா ஓடிடும்மா. பொய் சொல்லி சந்த வாங்கினா, தெனிக்கும் அந்தப் பொய் மேலதான வண்டிய உருட்டிக்கினு போவணும்? போணின்னே எழுது."

5

நீதிபதி வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார். சந்திரமௌலியின் வக்கீல் எழுந்தார். "இது கட்டுக்கதை, யுவர் ஆனர்!"

(கட்டுக்கதைதான். அது என் குற்றம், அவளைச் சொல்லாதீர்கள்.)

இந்த இடத்தில் என் பேனா மூன்று நாள் நின்றது. "மனு தள்ளுபடி. தேசம்மா படியிறங்கி…" என்று எழுதி அடித்தேன். அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அமீனாவைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். அப்போது பின்வரிசையில், நான் எழுப்பாமலே ஒருவர் எழுந்தார். சந்திரமௌலி.

"கட்டுக்கதை இல்லை. அவ சொல்றது வாஸ்தவம். எங்காத்துப் பொண்ணு கல்யாணப் பத்திரிகையைக் காலம்பற எடுத்துண்டு போனேன். 'போணி ஆவல, பத்து மணிக்கா வா மௌலி சாரு'ன்னுட்டா."

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சார், நீங்க நம்ம கட்சி!"

"நான் சந்தைத்தானே ஓய் கேட்டேன். அவ பொய் சொல்றான்னு எப்போ சொன்னேன்?"

நீதிபதி குனிந்து எழுதினார். தீர்ப்பு ரத்து. வழக்கை முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். தேசம்மா தன் பதிலை எழுத்தில் தாக்கல் செய்யட்டும்.

அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. மறுநாள் பூட்டு இல்லை. வண்டி சந்தில் கடகடவென்று ஓடியதைக் கேட்டு சந்திரமௌலி ஜன்னலைச் சாத்தினார். கொஞ்சம் மெதுவாகவே சாத்தினார்.

6

சந்து யாருடையது? எனக்குத் தெரியாது. பத்திரத்தில் ஒரு அளவு இருக்கும், இத்தனை வருஷமாய் வண்டி போன தடம் ஒன்று இருக்கும். சமரச மையத்தில் உட்கார்ந்து, காலையில் வண்டிக்கு, மற்ற நேரம் காருக்கு என்று பேசி முடித்தாலும் முடிக்கலாம். அந்த முடிவை உங்களிடம் விடுகிறேன். ஒரே நிபந்தனை, இரண்டு பேரையும் கேட்காமல் எழுதாதீர்கள்.

நீங்கள் நன்றாயிருங்கள் கண்ணுகளா. உங்கள் வாசலுக்குப் போகிற வழி என்றும் திறந்திருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு வருகிற காகிதமெல்லாம் கல்யாணப் பத்திரிகையாக இருக்கட்டும். வேறு ஏதாவது வந்தால், போணிக்கு முன்னாலும் கை நீட்டி வாங்கிக்கொள்கிற தைரியம் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருக்கட்டும்.