உள்ளே என்ன மாசம்

என் கைக்கு அளவே தேவையில்லை என்று புத்தூர் பட்டறையில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொள்வேன். ஒரு கிலோ ரெசின் பசைக்கு, அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் இருமல் மருந்து மூடியால் ஒரு மூடி. கலக்கி, பைபர் இழை விரிப்பான மேட்டில் தடவினால் அரை மணியில் தண்ணீர்த் தொட்டி இறுகிவிடும்.

தொண்ணூற்றேழு சித்திரையில் குவைத் கம்பெனிக்கு ஆள் எடுக்க, திருப்பதியில் ஒரு லாட்ஜின் ஏசி ஹாலில் டெஸ்ட் வைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு பைபர் தகடு செய்து, இறுகியதும் அச்சிலிருந்து கழற்றிக் கொடுக்க வேண்டும். தேறினால் விசா. இல்லாவிட்டால் மறுபடி புத்தூர், மறுபடி தொட்டி. என் வயதுக்காரன் ஒவ்வொருவனாகக் கிளம்பிவிட்டான். எனக்கு ஊரில் கால் தரிக்கவில்லை.

மேஜைமேல் கேட்டலிஸ்ட் அளக்கச் சிரிஞ்சும், சூடு பார்க்கத் தெர்மாமீட்டரும் வைத்திருந்தார்கள். கற்றுக்குட்டிகளுக்கு என்று தள்ளிவிட்டு என் மூடியை எடுத்தேன். ஆணவம்தான், வேறென்ன?

ஒரு மணி நேரமாகியும் தகடு பிசுபிசுத்தது. விரலை வைத்தேன், ஒட்டியது. மறுபடி வைத்தேன், மறுபடி ஒட்டியது. பக்கத்து மேஜைகளில் தகடு இறுகியதா என்று காசால் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வெளியே ஓடினேன்.

வாசல் வெயிலில் தேன்மொழி நின்றிருந்தாள். என் மனைவி, அதே பட்டறையில் மேட் வெட்டுகிறவள்.

"முடிஞ்சிச்சா?"

"எங்க முடியிறது? இன்னும் ஒட்டிக்கினே கீது. கேட்டலிஸ்ட்டு டூப்ளிகேட்டுடி!"

"எவ்ளோ ஊத்துன?"

"ஒரு மூடி."

"மார்கழில?"

"ரெண்டு. இப்ப சித்திரைதானே?"

அவள் என் கையைப் பிடித்தாள். "கை சில்லுனு கீது. வெளிய சித்திரை. உள்ள இன்னா மாசம்?"

எனக்குப் பொட்டில் அறைந்தது போலிருந்தது. உள்ளே ஓடினேன்.

"யாபை நிமிஷாலே உன்னாயி," என்றார் டெஸ்ட் எடுக்க வந்தவர் தெலுங்கில். ஐம்பது நிமிடம்தான். கேட்டதற்கு இன்னொரு கிலோ ரெசின் கொடுத்தார், இதுதான் கடைசி என்றார். கேட்டலிஸ்ட் கூடிப்போனால் புகைந்து வெடிப்பு விடும், குறைந்தால் பழைய கதை. அச்சில் பிசுபிசுத்ததைச் சுரண்டி எறிந்தேன். மூடியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு சிரிஞ்சை எடுத்தேன். சரியாக இருபது மில்லி, இரண்டு மூடி அளவு.

மணி அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது காசால் தட்டினேன். டங் என்றது. அச்சிலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு வாய் ஓயவில்லை. தேன்மொழி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க குளிருமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

"பாலைவனம்டி. குளிர் எங்கேர்ந்து வரும்?" என்று சிரித்தேன்.

குவைத்தில் முதல் ஜனவரி. விடிகாலையில் தடவிய தகடு மதியம்வரை விரலில் ஒட்டியது. என் இரண்டு கைகளையும் பார்த்தபடி நின்றேன். சில்லிட்டிருந்தன. பிடித்துப் பார்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.