தலைமுழுகிய கணக்கு

மூன்று இடத்தில் உழைத்தவள் நான். கல்யாணத்துக்கு முன் நூற்பாலை, பிறகு பதினான்கு வருஷம் சட்டை தைக்கும் கம்பெனி, கடைசியில் ஆஸ்பத்திரி சலவைக்கூடம். மூன்றுக்கும் தனித்தனி பி.எஃப். கணக்கு. முட்டி தேய்ந்து வேலையை விட்டாயிற்று. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் பென்ஷன் வரும். இப்போது மகள் ஒருத்தியின் சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிடுகிறோம். அவள் முகம் சுளிப்பதில்லை, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

பி.எஃப். ஆபீசில் இருந்த அதிகாரி அம்மா கம்ப்யூட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தையல் கம்பெனியில வீட்டுக்காரர் இனிஷியல் போட்டிருக்கீங்க. சலவைக்கூடத்துல அப்பா இனிஷியல், அதுவும் விதவைன்னு இருக்கு. அவரோட டெத் சர்டிபிகேட் கொண்டாங்க, சேர்த்துடலாம்."

தூக்கிவாரிப் போட்டது. "அவரு நல்லாத்தானேம்மா இருக்காரு!"

பிறகுதான் உறைத்தது. சலவைக்கூடத்தில் சேர்ந்த அன்று கிளார்க், "வீட்டுக்காரர்?" என்று கேட்டார். அந்த மனுஷன் இன்னொருத்தியோடு போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, வயிறு எரிந்துகொண்டிருந்தது. "அந்த ஆளைத் தலைமுழுகியாச்சு சார்" என்றேன். கிளார்க் புண்ணியவான் உச்சுக்கொட்டிக்கொண்டே ஆளைச் சாகடித்துவிட்டார்.

"அப்போ அவரையே கூட்டிட்டு வாங்க" என்றார் அதிகாரி அம்மா.

பதினொரு வருஷம் கழித்து, மானத்தை விட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் தேய்த்த சட்டையோடு ஆபீசுக்கு வந்து, 'நான் உயிருடன் இருக்கிறேன், இவர் என் மனைவி' என்ற தாளில் கையெழுத்தும் போட்டார். அந்த இரண்டாவது வரியைப் படிக்க எனக்குக் கூசியது.

"நீங்களும் போடுங்க, கணக்கு ஒண்ணாயிடும்" என்றார் அதிகாரி அம்மா. "ஒண்ணு சொல்லிடறேன். விவாகரத்து ஆகலைல்ல? உங்களுக்கப்புறம் பென்ஷன் இவருக்குத்தான் போகும்."

"என் மகளுக்கு எழுதக் கூடாதா?"

"வீட்டுக்காரர் இருக்கிறப்போ முடியாதும்மா."

அந்த மனுஷனின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு மறைந்தது. தாளை இழுத்து முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டு, "உடம்பெல்லாம் எப்படி இருக்கு? சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என் உடம்பை விசாரித்தது அதுதான் முதல் தடவை. நான் கையெழுத்துப் போட்டேன்.