செல்லாத கையெழுத்து

காகிதத்தைப் படித்து முடித்ததும் லம்பாசா நகரத்து வக்கீல் ஷைரீன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எதிரே விலிமைனா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். பக்கத்தில் முன்சாமி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காகிதத்தில் இருந்தது விலிமைனாவின் அப்பா கையெழுத்து. புயலில் அவர்கள் வீட்டுக் கூரை பறந்தபோது, குலத்தைச் சேராத கரும்பு விவசாயி முன்சாமிதான் தகரமும் மரமும் கொண்டுவந்து இறக்கி, தானே ஏறி அடித்துக் கொடுத்தார். அதற்குப் பதிலாக, குலம் முழுவதற்கும் பொதுவான குல நிலத்தில் ஆற்றோரத் துண்டை உயிருள்ளவரை அவர் பயிரிட்டு, அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கலாம் என்று குலத் தலைவரான அப்பா எழுதிக் கொடுத்தார். இப்போது அப்பாவுக்கு மகளையே அடையாளம் தெரிவதில்லை. அண்ணன் எரோனி, முன்சாமியை வெளியேற்ற வழக்குப் போட்டுவிட்டான்.

"கையெழுத்துப் போட்டப்ப அப்பாவுக்குப் புத்தி கலங்கியிருந்துச்சுன்னு அண்ணன் சொல்றான் மேடம். பச்சைப் பொய். நான் பக்கத்துலயே இருந்தேன். எங்க வேணா வந்து சத்தியம் பண்றேன்."

"பண்ணுங்க. ஆனா புத்தி கலங்கியிருந்தா இது நிக்காது. தெளிவா இருந்திருந்தாலும் நிக்காது. நில வாரியத்தோட அனுமதி இல்லாம குல நிலத்தைக் குடுக்கறதே சட்டவிரோதம்."

"அப்ப இவரு போட்டுக் குடுத்த கூரை?"

"சட்டத்துக்குப் புறம்பான பேரத்துல குடுத்ததைத் திருப்பிக் கேட்டாலும் கோர்ட்டு காதுல வாங்கறது கஷ்டம்."

முன்சாமி சிரித்தார். "நல்லா இருக்கே. நானும் திருடன், உங்கப்பாவும் திருடன்."

குலத்தில் பாதிப் பேருக்கு மேல் சம்மதித்தால் வாரியத்திடம் முறையான குத்தகை கேட்டுப் பார்க்கலாம் என்றாள் ஷைரீன். மறுநாளே விலிமைனா வீடு வீடாக ஏறி இறங்கினாள். சித்தப்பா விருந்தாளிக்குக் கொடுக்கும் யங்கோனா பானத்தைக் கிண்ணத்தில் நீட்டினார், நலம் விசாரித்தார், கையெழுத்து மட்டும் போடவில்லை.

"முன்சாமி தங்கமான மனுஷன்மா. ஆனா நாளைக்கு எரோனிதானே எங்களுக்குத் தலைவன்? அவன் மூஞ்சில நாங்க முழிக்க வேணாமா?"

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். வீடு திரும்பியபோது எரோனி பாயில் சாய்ந்திருந்தான்.

"என்ன தங்கச்சி, ஓட்டு கேட்டு முடிச்சாச்சா?"

"அவரு போட்ட தகரத்துக்கு அடியில படுத்துக்கிட்டே அவரைத் துரத்தறியே, வெக்கமா இல்ல?"

"நானா போடச் சொன்னேன்? சட்டம் என் பக்கம்."

அவன் சொன்னதில் பொய் இல்லை.

நீதிமன்றத்தில் அவளைச் சாட்சிக்குக் கூப்பிடவே இல்லை. வாரியத்தின் அனுமதி உண்டா என்று நீதிபதி கேட்டார், இல்லை என்றார்கள், அத்தோடு முடிந்தது. நிற்கிற கரும்பை வெட்டிக்கொள்ள மட்டும் முன்சாமிக்கு அவகாசம் கிடைத்தது.

வெட்டு தொடங்கிய அன்று விலிமைனாவும் கத்தியோடு வயலில் இறங்கினாள்.

"உங்கண்ணன் பார்த்தா வம்பு, விலி. வீட்டுக்குப் போ."

"பார்க்கட்டும் அண்ணே."

பார்க்கத்தான் செய்தான். மதியம் வரப்பில் வந்து நின்று, "வீட்டுக்கு வா" என்றான். அவள் நிமிரவில்லை. அடுத்த கரும்பைப் பிடித்து அடியோடு வெட்டினாள். அவன் திரும்பிப் போனான்.

சாயங்காலம் அவள் அதே வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். அப்பாவுக்குக் கிழங்கு வேகவைத்து ஊட்ட அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது.