இரண்டு மணி நேர இடைவெளி

மெரிலீ டார்பட்டன் தன் கல்யாண நாளுக்கான நேர அட்டவணையை ஏழு முறை எழுதிக் கிழித்து, எட்டாவது முறைதான் அச்சடித்தாள். மற்ற பெண்கள் கவுனுக்கும் பூவுக்கும் அலைந்த மாதங்களில் அவள் நிமிடங்களுக்கு அலைந்தாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது, பார்க்கிற வேலை அப்படி. அந்த மாவட்டத்தில் ஓடும் நாற்பத்திரண்டு பள்ளிக்கூட பஸ்களுக்கும் நேரம் போட்டுக் கொடுப்பவள் அவள். ஒற்றை வழிப் பாலத்தில் இரண்டு பஸ்கள் எதிரும் புதிருமாக வந்து நின்றதாக அவள் வந்த பிறகு ஒரு புகார்கூடக் கிடையாது.

கல்யாணத்திலும் எதிரும் புதிருமாக வரக்கூடாத வண்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று அவள் அப்பா ஹாய்ட். இன்னொன்று அவள் அம்மா வெர்லீன்.

இருவரும் பிரிந்து பதினோரு வருடம் ஆகிறது. கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அதே மாதத்தில் மெரிலீயின் பள்ளிப் படிப்பு முடிந்து பட்டமளிப்பு விழா நடந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளை யார் கூட்டிப் போவது என்று இருவரும் போட்ட சண்டையை ஊரே நின்று பார்த்தது. கறுப்புத் தொப்பியும் கையுமாக நின்ற பெண்ணை யாரும் எங்கும் கூட்டிப் போகவில்லை. அதற்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மெரிலீ தானாக எடுத்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கல்யாணம் என்றதும் அப்பா நிபந்தனையைச் சொல்லிவிட்டார்.

"உன் கையப் புடிச்சு நடந்து வந்து குடுத்துட்டுப் போறேன், அது என் கடமை. ஆனா அவ நிக்கிற எடத்துல என்னை நிக்க வச்சே, அப்பவே வண்டிய எடுத்துட்டுக் கெளம்பிருவேன். அப்புறம் என்னைச் சொல்லாதே."

அம்மா அவ்வளவு பேசவில்லை. "அந்த ஆளோட நெழல்கூட என் போட்டோல விழக்கூடாது," என்றதோடு சரி.

மெரிலீ பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்டோபர் மாதத்தில் கால்பந்து ஆட்டம் இல்லாத ஒரே சனிக்கிழமையைப் பிடித்ததே பெரிய சாமர்த்தியம். ஆட்ட நாளில் கல்யாணம் வைத்தால், கால்பந்துப் பைத்தியம் பிடித்த அலபாமாவில் பாஸ்டரே வரமாட்டார். அந்தச் சனிக்கிழமையை அவள் கீரைக்கட்டு மாதிரி பிரித்துப் பிரித்து வைத்தாள். அம்மா முதல் வரிசை பெஞ்சில். அப்பா மகளை ஒப்படைத்துவிட்டு மூன்றாவது வரிசைக்கு. பிரிந்த தம்பதிகளுக்கு அந்தப் பக்கத்துச் சர்ச்சுகள் வகுத்து வைத்திருக்கும் நியாயம் அதுதான். விருந்தில் அம்மா பெரிய கேக்குக்குப் பக்கத்தில், அப்பா மாப்பிள்ளைக்கென்று தனியாகச் செய்யும் சாக்லேட் கேக்குக்குப் பக்கத்தில். நடுவில் எழுபது பேர்.

ஆபத்து போட்டோவில்தான். கல்யாணத்துக்கு முன்பே பெண்ணோடு பெற்றவர்கள் நின்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்குப் பதினோரு மணி, அம்மாவுக்கு ஒரு மணி என்று பிரித்தாள். பஸ்களுக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுகிறவள் பெற்றோருக்கு இரண்டு மணி நேரம் விட்டாள்.

அவள் கட்டிக்கொள்ளப்போகும் ராய்ஸ் தாளை வாங்கிப் பார்த்தான். "ஏன் மெரி, இது கல்யாணமா, ஜெயில்ல கைதிய மாத்தறதா?"

"நீ ரெண்டே கால் மணிக்கு வந்து நில்லு, போதும்."

"நானும் உண்டா இதுல? சந்தோஷம்!"

இனி அந்த ஊர் மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆற்றுக்கு அந்தக் கரை ஜார்ஜியா மாநிலம். அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். இந்தக் கரை அலபாமா. சட்டப்படி இங்கே ஒரு மணி நேரம் குறைவு. ஆனால் ஆற்றோரத்து ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அக்கரை மில்லுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள். அதனால் அவர்கள் சட்டத்தை ஒதுக்கிவிட்டு மில் மணியையே வைத்துக்கொண்டார்கள். அதற்கு வேக மணி என்று பெயர். மேற்கே பத்து மைல் உள்ளே போனால் நிதான மணி. பல் டாக்டரிடம் நேரம் வாங்கினாலும், சாவு வீட்டுக்குப் போவதானாலும், "வேக மணியா, நிதான மணியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அங்கே யாரும் வீட்டைப் பூட்டுவார்கள்.

அப்பா ஆற்றோரத்து வேக மணிக்காரர், மெரிலீ குடியிருப்பதும் அந்தப் பக்கம்தான். அம்மா உள்ளே நிதான மணியில் இருந்தாள், சர்ச்சும் அங்கேதான். ஆகவே மெரிலீ இரண்டு தாள்கள் தயாரித்தாள். அம்மாவின் தாளில் ஒரு மணி என்றே போட்டாள். அப்பாவின் தாளில் மட்டும் சர்ச்சின் பதினோரு மணியை அவருடைய கடிகாரப்படி பன்னிரண்டு என்று மாற்றிப் போட்டாள். எந்த மணி என்று இரண்டிலும் குறிக்கவில்லை.

சர்ச்சில் கல்யாணங்களை நடத்தி வைக்கும் மிஸ் ஓராபெல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு இரண்டு தாளையும் பார்த்தாள். முப்பது வருடமாக மணமகள்களை வரிசையில் நிறுத்தி அனுப்பியவள் அவள்.

"எந்த மணின்னு போடலையே கண்ணு?"

"தேவையில்ல மிஸ் ஓராபெல். அவங்கவங்க கடிகாரத்துக்கு நானே மாத்திப் போட்டுட்டேன். அன்னிக்கு ஒரு நாளாவது அவங்க கூட்டிக் கழிச்சுப் பார்க்க வேண்டாம்."

"கூட்டிக் கழிக்காம இருக்க இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்?"

மெரிலீ சிரித்துக்கொண்டாள். வயதானவர்கள் எதற்கும் ஏதாவது சொல்வார்கள் என்பது அவள் எண்ணம்.

சனிக்கிழமை காலை எல்லாம் தாளில் இருந்தபடியே நடந்தது. தலைமுடிக்காரி எட்டுக்கு வந்தாள். பூ ஒன்பதரைக்கு வந்தது. பத்தே முக்காலுக்கு மெரிலீ கவுனுக்குள் புகுந்து, முதுகில் இருபத்தாறு பொத்தான்களும் மாட்டப்பட்டு, சர்ச்சின் பக்கத்து அறை ஜன்னலில் நின்றாள். பதினோரு மணி ஆயிற்று. அப்பாவின் வண்டி வரவில்லை.

பதினொன்றே கால். போன் அடித்தால் எடுக்கவில்லை. அவர் போனை வண்டிக்குள் போட்டுவிட்டு அதை மறந்துவிடுகிற ரகம். பதினொன்றரைக்குப் போட்டோக்காரர் மரத்தையும் கல்வெட்டையும் படம் எடுக்க ஆரம்பித்தார். வரமாட்டாரோ? அம்மா பெயரைப் பத்திரிகையில் முதலில் போட்டதற்குக் கோபமோ? போன வாரம் பேசும்போது குரல் ஒரு மாதிரி இருந்ததே, அதுதானோ? நாற்பத்திரண்டு பஸ்களும் எங்கே நிற்கின்றன என்று அவளால் தூக்கத்தில்கூடச் சொல்ல முடியும். பெற்ற அப்பா எங்கே என்று தெரியவில்லை. அப்பா இல்லாமல் தனியாக நடந்து போக வேண்டியதுதான் என்று மனசைத் தயார் செய்ய முயன்றாள். மனசு கேட்கவில்லை.

சரியாகப் பன்னிரண்டுக்கு அப்பாவின் நீல டிரக் வளாகத்துக்குள் திரும்பியது. மெரிலீக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது முழுதாக வந்து சேருவதற்குள், டிரக்கின் பின்னாலேயே அம்மாவின் கார் திரும்பியது.

காலியாகக் கிடந்த அத்தனை பெரிய வளாகத்தில், நிழலுக்கென்று இருந்த ஒரே பீக்கன் மரத்தடியில், இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டு கதவுகள் திறந்தன. சாம்பல் கோட்டில் அப்பா. இளநீல உடையில் அம்மா, கையில் ஒரு காகிதப் பொட்டலம். இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

மெரிலீ ஓடினாள். கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், சரளைக் கல்லில் ஓடினாள்.

"அப்பா, உங்க நேரம் பதினொண்ணு! அம்மா, உன் நேரம் ஒண்ணு! ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?"

"நீ பன்னெண்டுன்னுதானே போட்டிருந்தே?" என்றார் அப்பா. "சர்ச்சு நிதான மணி ஆச்சே, அந்தப் பன்னெண்டாத்தான் இருக்கும்னு கரெக்டா வந்திருக்கேன்."

"நீ வேக மணிக்காரி," என்றாள் அம்மா. "ஒண்ணுன்னு போட்டா உன் ஒண்ணுதானே? எனக்கு அது பன்னெண்டு. லேட்டா வந்து உன் நாளைக் கெடுத்துடக் கூடாதுன்னு எட்டு மணிக்கே குளிச்சுட்டேன்."

அப்பா ஒரு மணி நேரம் லேட், அம்மா ஒரு மணி நேரம் முன்னால். அவள் விட்ட இரண்டு மணி நேரத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுச் சாப்பிட்டுவிட்டார்கள். பதினோரு வருடத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

அப்பா வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார். மெரிலீ அதைப் பார்த்தாள்.

அதன் பிறகு அவள் போட்ட சத்தம் சர்ச்சுக்குள் பியானோ பழகிக்கொண்டிருந்தவரை நிறுத்தியது.

"போங்க! போறதுன்னா போங்க! நீயும் போம்மா! எத்தனை வருஷம்டா சாமி! ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ரெண்டு வீட்டுலயும் வயிறு முட்டத் தின்னேனே, ரெண்டாவது வீட்டுல பசிக்கிற மாதிரி நடிச்சேனே, அது தெரியுமா உங்களுக்கு? எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஆஸ்பத்திரில நர்ஸுகிட்டே உங்க ரெண்டு பேருக்கும் டைம்டேபிள் எழுதிக் குடுத்தேன். படுத்துக்கிட்டே! இன்னிக்கு ஒரே ஒரு நாள்... என்னைக் கட்டிக்கப் போறவனைப் பத்தி ஒரு நிமிஷம் நெனைச்சிருக்கேனா? உங்க ரெண்டு பேரைப் பத்தித்தான் நெனைச்சிட்டிருக்கேன்!"

போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். மிஸ் ஓராபெல் வாசலில் வந்து நின்றவள், தடுக்கவில்லை. ஊர் பார்க்கச் சண்டை நடந்துவிடக் கூடாது என்றுதான் மெரிலீ எட்டு முறை அட்டவணை எழுதினாள். சண்டை நடந்தேவிட்டது, ஆனால் போட்டவள் அவள். பெற்றவர்கள் இருவரும் வாயைத் திறக்காமல் ஒரே பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டார்கள்.

மூச்சு வாங்கியது.

அம்மாதான் முதலில் அசைந்தாள். கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஹாம் என்கிற பன்றிக்கறித் துண்டு வைத்த பிஸ்கட் ரொட்டி இரண்டு, இன்னும் சூடாக.

"காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலைதானே?"

"வேண்டாம்."

"மூஞ்சியப் பாரு, வெளுத்துப் போயிருக்கு. ரெண்டு வாய் சாப்பிடு."

"வேண்டாம்னு சொல்றேன்ல!"

"அம்மா சொன்னா கேளு," என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது போலிருந்தது. மெரிலீக்கு ஆறு வயதிலும் பத்து வயதிலும் தினம் மூன்று வேளை கேட்டுப் புளித்துப்போன வாக்கியம். பிரிந்த பிறகு அந்த வாயிலிருந்து அம்மா என்ற சொல்லே வந்ததில்லை, "அவ"தான். வெர்லீன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நகர்ந்தும் போகவில்லை.

மெரிலீ சர்ச் படியில், இருபத்தாறு பொத்தான் கவுனோடு உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டாள். துணியில் துணுக்கு விழாமல் அம்மா கைக்குட்டையை விரித்தாள். அப்பா வெயில் படாமல் முன்னால் வந்து நின்றார். அடுத்து எங்கே போய் நிற்க வேண்டும் என்று இருவருக்கும் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.