காலி செய்துவிட்டுப் பார்

என் அண்ணி ஆஸ்பத்திரி நர்ஸ். அங்கே ஓடும் மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது. அதில் கேச் என்கிற பகுதி நான் எழுதியது. கேட்ட தகவலையே மறுபடி மறுபடி டேட்டாபேஸில் தேடாமல், ஒரு பிரதியைக் கையோடு வைத்துக்கொண்டு சட்டென்று எடுத்துக் கொடுக்கும். பெரிய சாமர்த்தியம் என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் அண்ணி ஒரு பெரியவருக்கு ஊசி போட்டார். அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து. தொண்டை வீங்கி, அவர் பிழைத்ததே பெரும்பாடு.

"அலர்ஜி இல்லைன்னுதான் ஸ்கிரீன்ல இருந்துச்சு" என்று அண்ணி தலையிலடித்துக்கொண்டு சொன்னார். விசாரணை வந்தது. வேலை போய்விடும் நிலை. எங்களைக் கேட்டார்கள். நான் பார்த்தபோது 'அலர்ஜி உண்டு' என்று பளிச்சென்று தெரிந்தது. மென்பொருளில் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தேன். சும்மா இருந்தேனா? "அவசரத்துல சரியா பாத்திருக்க மாட்டீங்க அண்ணி" என்று போனில் வேறு சொன்னேன். அன்றிலிருந்து அண்ணன் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று காலை இன்னொரு வார்டிலிருந்து அதே புகார். பக்கத்து சீட்டுக்காரரை டீமில் 'துடைப்பம்' என்போம். அவர் வழக்கம்போலக் கேச்சைக் காலி செய்யப் போனார். எந்தப் புகார் வந்தாலும் எங்களுக்கு முதல் வேலை அதுதான். காலி செய்துவிட்டுத்தான் பார்ப்போம்.

எனக்குச் சுருக்கென்றது.

"யோவ், கையை எடுய்யா!"

"ஏன்யா இப்படிக் கடிக்கிற?"

"அப்படியே விடு. இப்ப பாப்போம்."

மென்பொருள் இரண்டு சர்வர்களில் ஓடுகிறது, ஒவ்வொன்றிலும் தனிக் கேச். இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்டோம். ஒன்று 'உண்டு' என்றது. மற்றது 'இல்லை' என்றது. புதுப் பதிவு ஏறியதும், பழைய பிரதியைத் தூக்கிப் போடச் சொல்லி ஒன்று மற்றதற்குச் செய்தி அனுப்ப வேண்டும். நெட்வொர்க் ஒரு நொடி இடறினால் அந்தச் செய்தி போய்ச் சேராது. மறுபடி அனுப்ப நான் வழி எழுதவே இல்லை. நர்ஸின் கேள்வி எந்த சர்வரில் விழுகிறதோ, அதன் பதில்தான் ஸ்கிரீனில் வரும். நாங்களோ தடயத்தை அழித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அண்ணியின் புகார் வந்த அன்று காலி செய்தது நான்தான். பாவி நான்.

நடந்ததை ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பிவிட்டு, நேரே அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்த அண்ணன் ஒதுங்கி நின்றார். அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"காலையிலதான் தம்பி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்" என்றார். "ஸ்கிரீனைப் பாக்கல, என் தப்புதான்னு."

"ஐயோ, ஏன் அண்ணி?"

"எல்லாரும் சொன்னாங்க. நீங்களும் சொன்னீங்க. யோசிச்சு யோசிச்சு, நெஜமாவே பாக்கலையோன்னு எனக்கே ஆயிடுச்சு."

"அதைத் திரும்ப வாங்கிடலாம் அண்ணி. தப்பு என்னுதுன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் பாத்தேன்தானே, தம்பி?"

"பாத்தீங்க அண்ணி."

"இன்னொரு தரம் சொல்லுங்க."