நோலீனுக்கு ஒரு மெயில் செயலி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கெல்வின் படகை நிறுத்தி, தூண்டிலில் இரையைக் கோத்துத் தண்ணீரில் விடுகிற நேரம் பார்த்து போன் அடிக்கும். நோலீன்தான்.

“கண்ணு, மெயில் போகலை.”

“என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லலை. சும்மா உக்காந்திருக்கு.”

சில வருஷங்களுக்கு முன் பென்குயின் என்ற கடலோர ஊரின் சந்தையில், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பரப்பும் சங்கத்தின் கடையைப் போட்டு, தோட்டக் கழகத்தின் செயலாளரான இந்த நோலீனைக் கூப்பிட்டு, “இதைப் போட்டுக்குங்க, அப்புறம் கம்ப்யூட்டர்ங்கிற ஞாபகமே வராது” என்று சொன்னவர் கெல்வின். சொன்னபடியே நடந்தது. நோலீனுக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம் வருவதில்லை. கெல்வின் ஞாபகம்தான் வருகிறது.

லினக்ஸின் சின்னமும் பென்குயின், ஊர்ப் பெயரும் பென்குயின், கடற்கரையில் பென்குயினுக்குச் சிலை வேறு. இவ்வளவு பொருத்தம் பார்த்து ஆரம்பித்த சங்கத்துக்கு இப்போது ஒழுங்காக வருகிறவர்கள் ஒரே காரில் அடங்கிவிடுவார்கள். அவர்களைக் கூட்டி வைத்து கெல்வின் ஒரு யோசனை சொன்னார். நோலீனின் லேப்டாப்பில் மூன்று மெயில் செயலிகளைப் போடுவோம். எது நம்பகம், எது சுலபம் என்று ஒப்பிட்டு, ஒன்றை நிரந்தரமாக்குவோம். அவருக்கு வேண்டியதெல்லாம் போன் அடிக்காத ஒரு ஞாயிறு. அதை அவர் கூட்டத்தில் சொல்லவில்லை.

செயலிகளின் பெயர்கள் நோலீன் வாயில் நுழையவே இல்லை. நிறத்தை வைத்து நீலம், சாம்பல், கறுப்பு. நீலம் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. வேகத்துக்கு மதிப்பெண் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். சாம்பல், கெல்வின் கொண்டுவந்தது. கறுப்பு, சங்கத்து ரஸ் கொண்டுவந்தது. மௌஸைத் தொடுவதை ஒழுக்கக்கேடாக நினைக்கிறவர் ரஸ். அவருடைய செயலியில் பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் கூட்டத்துக்கு நோலீன் ஒரு தட்டு லாமிங்டன் கேக்கோடு வந்து அறிக்கை வாசித்தார்.

“சாம்பல் அழகா இருக்கு. ரெண்டு நாள் ஒழுங்கா இருக்கும், மூணாம் நாள் என்னை யாருன்னு கேக்கும். பாஸ்வேர்டு போட்டா சமாதானமாயிடும். கறுப்பு ஒரு தடவைகூட நிக்கலை.”

ரஸ் சுற்றிலும் எல்லாரையும் பார்த்தார்.

“நிறுத்தத் தெரியலை எனக்கு” என்று முடித்தார் நோலீன். “ செவ்வாய்க்கிழமை திறந்தது, இன்னும் ஓடிட்டு இருக்கு.”

“அதான் நம்பகம்” என்றார் ரஸ்.

“உன் செயலியில மாட்டினவன் தப்பிக்க முடியாது, அதுக்குப் பேரு நம்பகமா?” என்றார் கெல்வின்.

“யோவ், உன் சாம்பலுக்கு மறதி வந்திருக்கு. டாக்டர்கிட்ட காட்டு.”

“என் வீட்ல நல்லாத்தான் ஓடுது.”

நோலீன் கேக்கை நகர்த்தி வைத்தார். “சண்டை வேண்டாம். எது ஜெயிக்குதோ, அதைக் கொண்டுவந்தவர் நம்பரைத்தான் ஃப்ரிஜ்ல ஒட்டி வைக்கப்போறேன். மத்தவரைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

கெல்வினும் ரஸும் ஆளுக்கொரு கேக்கை எடுத்துக்கொண்டார்கள்.

“யோசிச்சுப் பார்த்தா,” என்றார் கெல்வின், “கறுப்பு உறுதியானதுதான். ரஸ் சொல்றதுல ஞாயம் இருக்கு.”

“சேச்சே,” என்றார் ரஸ். “வயசானவங்க கண்ணுக்குச் சாம்பல்தான் இதம். பொத்தான்லாம் எவ்வளவு பெருசு.”

“பொத்தான் என்ன பொத்தான். பழகினா விரல் தானா போகும்.”

“பாஸ்வேர்டு கேக்கறது பாதுகாப்புய்யா. நான் இதுநாள் வரைக்கும் அதை உணராம இருந்துட்டேன்.”

இத்தனை வருஷத்தில் ஒருவர் செயலியை மற்றவர் இப்படிப் புகழ்ந்ததில்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் சொல்வதற்கு நல்ல வார்த்தை தீர்ந்துபோய் நோலீனைப் பார்த்தார்கள்.

“சாம்பல்” என்றார் நோலீன்.

“மறதி இருக்கே” என்று கெல்வின் ஈனக்குரலில் நினைவுபடுத்தினார்.

“இருக்கட்டும் கண்ணு. அது நின்னுபோனா நீ போனை எடுக்கறே. மெயில் போகலைன்னு ரஸ்கிட்ட சொன்னா, என்ன பிழைன்னு விவரமா மெயில் அனுப்பச் சொல்றான்.”

ரஸ் இரண்டாவது கேக்கை எடுத்துக்கொண்டார். தோற்ற ஆளின் முகத்தில் அவ்வளவு நிம்மதியைக் கெல்வின் பார்த்ததில்லை.

அன்று மாலையே கெல்வின், நோலீனின் வீட்டுக்குப் போனார். பாஸ்வேர்டைச் செயலி தானே நினைவில் வைத்துக்கொள்ளும்படி மாற்றினார். பழைய மெயில்களை ஒதுக்கினார். கறுப்பை நிறுத்திக் கொடுத்தார். தனக்குத் தானே பல தடவை மெயில் அனுப்பிப் பார்த்தார். எல்லாம் போனது, எல்லாம் வந்தது. இனிமேல் கூப்பிட ஒரு காரணமும் மிச்சம் இல்லை.

மறுநாள் காலை கடல் அசையாமல் கிடந்தது. இரையைக் கோத்து விட்டார். கயிறு லேசாகத் துடித்தது. போன் அடித்தது.

“என்ன ஆச்சு நோலீன்?”

“ஒண்ணும் ஆகலை கண்ணு. தோட்டக் கழகத்துல எல்லாருக்கும் மெயில் போயிடுச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“சந்தோஷம்.”

“இனிமே நல்லா ஓடுதுன்னா ஞாயித்துக்கிழமை கூப்பிட்டுச் சொல்லிடறேன். இல்லைன்னா நீ கவலைப்படுவே.”

கெல்வின் தூண்டிலைச் சுற்றி மேலே இழுத்தார். இரையைக் காணவில்லை.

“சொல்லுங்க” என்றார்.