மூன்றாவது சுற்று

"நீலக் காலர் வச்சது போடலாம். அது அவளுக்கு…"

"பெரியம்மா, நான் கேட்டது அது இல்ல."

"…எடுப்பா இருக்கும். பச்சை வேண்டாம். பச்சையில முகம் செத்துப்போகும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று ஹல்டாவுக்கு உறைத்தது. லோயிஸ் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் கண் மேஜை மேல் இருந்த காகிதப் பையை விட்டு நகரவில்லை. லோயிஸின் அம்மா சாகும்போது உடம்பில் இருந்தவற்றை ஈமச்சடங்கு நிலையத்துக்காரர் காலையில் அதில் போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார். இரவு உடை, கம்பளிச் சட்டை, காலுறை, மோதிரம், அப்புறம் ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ.

"காலைல ஏழு மணிக்கு, வீட்டுக்குள்ள, நைட்டிக்குக் கீழ அம்மா எதுக்கு கான்வாஸ் ஷூ போட்டிருந்தாங்க?"

"முத்து மாலையையும் எடுத்து வை."

"பெரியம்மா."

"கால் குளிருச்சோ என்னவோ. போட்டிருப்பா."

"செருப்பு கட்டில் கிட்டயே கிடக்குது. நான் பாத்தேன்."

ஹல்டா குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பையை மறுபடியும் கழுவினாள். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு பலகை மாதிரி நிற்கும் அவளுக்கு. இந்த லிண்ட்சே ஊரில் முப்பத்தாறு வருஷம் பெண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி டீச்சராக இருந்தவள். மளிகைக் கடையில் அவள் நுழைந்தால், பேரன் பேத்தி எடுத்த பெண்கள் இன்றைக்கும் தன்னை அறியாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். லோயிஸும் அவளிடம் படித்தவள்தான். ஆனாலும் கிங்ஸ்டனிலிருந்து பனியில் நான்கு மணி நேரம் காரோட்டி வந்த மகளுக்கு, தாய் எப்படிச் செத்தாள் என்று கேட்கும்போது முதுகை நிமிர்த்திக்கொள்ளத் தோன்றவில்லை. தோள் தொங்க உட்கார்ந்திருந்தாள்.

ஹல்டாவின் மேலங்கிப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். காட்டினால், இந்த உலகத்தில் 'பெரியம்மா' என்று கூப்பிட மிச்சமிருக்கிற ஒரே குரலும் அப்புறம் அப்படிக் கூப்பிடுமா?

அவள் கோப்பையைத் துடைத்து வைத்தாள்.

கணவன் இறந்த பிறகு லோயிஸின் அம்மா மேவிஸ், தன் அக்கா ஹல்டாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது. போன நவம்பரில்தான் அது ஆரம்பித்தது. மாடிப்படியில் மூன்றாவது படியில் உட்கார்ந்துகொள்வாள். கேட்டால், ஜன்னல் வழியாகப் பனி பெய்வதைப் பார்ப்பதாகச் சொல்வாள். துணி மடித்தால் பாதியில் நிறுத்துவாள். சோம்பல், சவாரி போகாத குதிரை மாதிரி உடம்பு கட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று ஹல்டா முடிவு கட்டினாள். அப்படிப் பார்க்கத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

1922இல் டொராண்டோவில், பெண்களுக்கு உடற்பயிற்சி டீச்சர் படிப்பு சொல்லிக்கொடுத்த ஒரு பள்ளியில் அவள் சேர்ந்தாள். இரண்டு வருஷப் படிப்பு. முழங்கால் வரைக்கும் நீலச் சட்டை, கறுப்புக் காலுறை. காலையில் எலும்புக்கூட்டை வைத்துப் பாடம், மதியம் கயிறு ஏறுவது, மரக்குதிரையைத் தாண்டுவது. முதல் நாளே தலைமையம்மாள் வரிசையில் நிற்கவைத்துச் சொன்னாள்: ஓடினால் பெண்ணுக்கு இதயம் வெடிக்கும், கர்ப்பப்பை நழுவும் என்று எழுதிவைத்திருக்கிற டாக்டர்களுக்கு நீங்கள் ஒவ்வொருத்தியும்தான் பதில். அன்றிலிருந்து டாக்டர் சொல் என்பது ஹல்டாவுக்குத் தாண்டிக் குதிக்க வேண்டிய இன்னொரு மரக்குதிரை.

ஐந்து வருஷம் கழித்து மேவிஸும் அதே பள்ளிக்குப் போனாள். பெட்டி, புது நீலச் சட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போனவளை, சேர்க்கும் முன் சோதித்த டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். சின்ன வயதுக் காய்ச்சல் இதயத்துக்குள் ஏதோ முணுமுணுப்புச் சத்தத்தை விட்டுப் போயிருக்கிறது, இந்தப் பெண் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ரயிலை விட்டு இறங்கிய தங்கையைப் பார்த்து ஹல்டா கொதித்துப்போனாள். எங்க எல்லாரையும் இப்படித்தான் சொன்னாங்க, நீ ஏன் வாயை மூடிக்கிட்டு வந்தே என்று சத்தம் போட்டாள். அந்தச் சட்டை வீட்டில் தூசி துடைக்கப் பயன்பட்டது. முணுமுணுப்பு வீட்டில் வேடிக்கைப் பேச்சானது. மேவிஸ் டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்தாள், உறைந்த ஆற்றில் சறுக்கினாள், லோயிஸைப் பெற்றாள். ஒவ்வொன்றுக்கும் ஹல்டா ஒரு வரி வைத்திருந்தாள்: "முணுமுணுப்பு என்ன சொல்லுதுடி?"

ஆகவே டிசம்பர் முதல் தேதி அவள் ஒரு தாளில் கட்டம் போட்டு, சமையலறைச் சுவரில் ஒட்டினாள். மூச்சு பத்து. கை உயர்த்தல் பத்து. வாசல் கதவிலிருந்து சமையலறை வரை கூடத்தில் நடை, ஐந்து சுற்று. ஹல்டா எண்ணுவாள், மேவிஸ் நடப்பாள். முடிந்ததும் மேவிஸ் பென்சிலால் கட்டத்தில் ஒரு கோடு போடுவாள்.

லோயிஸ் ஷூவைப் பற்றிக் கேட்ட அன்று மதியம் மூன்று மணிக்கு ஈமச்சடங்கு நிலையத்தில் ஊர் கூடியது. பெட்டி திறந்திருந்தது. நீலக் காலர் நன்றாகத்தான் இருந்தது. வந்தவர்கள் காலணியின் பனியைத் தட்டிவிட்டு, மேவிஸ் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, ஹல்டாவிடம் வந்து நேராக நின்றார்கள். பாதிப்பேர் அவளிடம் படித்தவர்கள். துக்கம் கேட்க வந்தவர்களின் தோள்கள் இவள் பார்வை பட்டதும் பின்னுக்குப் போவதை ஹல்டா இன்றைக்கு முதல் முறையாகக் கவனித்தாள். யாரையாவது பார்த்து, சும்மா நில்லுங்க, பரவாயில்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்படி ஒரு வாக்கியம் அவள் வாயில் எப்போதும் இருந்ததில்லை.

பெர்னிஸ் டக்கெட் வந்தாள். ஊருக்கு வெளியே மாட்டுப்பண்ணை வைத்திருப்பவள், ஆள் கதவளவு இருப்பாள். லோயிஸ் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பெரியம்மா இல்லன்னா நான் இன்னிக்கு நாற்காலியிலதான் உக்காந்திருப்பேன், தெரியுமா? எனக்குச் சின்ன வயசுல நெஞ்சு பலவீனம்னு டாக்டர் சீட்டு குடுத்திருந்தாரு. இவங்க வாங்கிப் படிச்சாங்க, மடிச்சு என் சட்டைப்பையிலயே வச்சாங்க, கயித்துல ஏறுன்னாங்க. அழுதுகிட்டே ஏறினேன். அஞ்சு பிள்ளை பெத்தாச்சு, நாப்பது மாடு கறக்கிறேன். டாக்டர் சொன்னதையெல்லாம் மிஸ் காதுலயே போட்டுக்க மாட்டாங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரிக்க ஏதாவது கிடைக்காதா என்றுதானே எல்லாரும் காத்திருப்பது. லோயிஸ் சிரிக்கவில்லை. திரும்பி ஹல்டாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெர்னிஸிடம் முட்டை ரொட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

வீட்டுக்கு வரும்போது காரில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணினப்ப அம்மாவுக்கு மூச்சு வாங்கிச்சு, டாக்டரைப் பாருங்கன்னேன், உன் பெரியம்மா பாத்துக்கிறான்னு சொன்னாங்க என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. ஹல்டா சாலையோரப் பனிமேட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். வேலையின் கடைசி வருஷங்களில் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய இளம் டீச்சர்கள் வந்ததும், ஓடி முடித்த பிள்ளைகளை நிறுத்தி மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணியதும் அவளுக்கு நினைவு வந்தன. இவங்க டீச்சரா, நர்ஸா என்று அவள்தான் ஆசிரியர் அறையில் எல்லாரையும் சிரிக்கவைத்தாள்.

மறுநாள், இறுதிப் பிரார்த்தனை நாளன்று காலை லோயிஸ் கறுப்பு உடையில் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஹல்டா எதிரில் உட்காரவில்லை. நின்றபடியே பையிலிருந்து தாளை எடுத்தாள், மடிப்புகளைப் பிரித்தாள், லோயிஸ் முன்னால் வைத்துக் கையால் நீவிவிட்டாள்.

"நேத்து கேட்டியே. ஷூ இதுக்குத்தான்."

லோயிஸ் படித்தாள். அவள் விரல் டிசம்பரிலிருந்து கட்டம் கட்டமாக நகர்ந்தது.

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை கிடையாது."

"எத்தனாவது சுத்து?"

"மூணாவது. நான் சமையக்கட்டைப் பாத்து நின்னுட்டிருந்தேன். காலடிச் சத்தம் தேயுற மாதிரி இருந்துச்சு. தோளை நிமிர்த்துன்னேன்." ஹல்டா நிறுத்தினாள். "அப்புறமும் எண்ணினேன். ரெண்டு எண்ணி முடிச்சப்புறம்தான் திரும்பினேன்."

சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, ஒரு கை சுவரில் பதிந்தபடி மேவிஸ் உட்கார்ந்திருந்த விதத்தை அவள் சொல்லவில்லை.

"முடியலன்னு சொன்னாங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அப்போது அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி போய்விட்டாள்.

"சொன்னா."

"என்னன்னு?"

"'விலக்கு'ன்னா."

லோயிஸுக்கு அந்தச் சொல் தெரியும். இந்த ஊரில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். பெயர் கூப்பிடும்போது, மாதத்தின் அந்த மூன்று நாளில் உள்ளேன் என்று சொல்லாமல் விலக்கு என்று சொல்ல வேண்டும். அவர்களுக்கு மிஸ் பிரிங்கிளாக இருந்த ஹல்டா, அந்தப் பெயருக்கு நேரே ஒரு வட்டம் போடுவாள். அந்தப் பிள்ளை சுவரோர பெஞ்சில் போய் உட்காரலாம். ஒரே மாதத்தில் இரண்டு வட்டம் விழுந்தால் மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை வரும். பொய்க் களைப்பைக் கண்டுபிடிக்கவும் டொராண்டோவில் பாடம் இருந்தது, ஹல்டா அதில் முதல் மதிப்பெண்.

அன்று காலை மேவிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு ஷூவைக் கட்டிவிட்டு, மற்றதன் கயிற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள். அக்கா, இன்னிக்கு எனக்கு விலக்கு என்றாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" லோயிஸ் கேட்டாள்.

"அறுபத்தேழு வயசுல என்னடி விலக்குன்னேன். சிரிச்சேன்." ஹல்டாவின் குரல் வகுப்பில் பெயர் வாசிக்கிற மாதிரியே வந்தது. "அவளும்தான் சிரிச்சா. ரொம்ப சிரிச்சா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு அந்தக் கயித்தையும் கட்டிக்கிட்டா."

வெளியே யாரோ நடைபாதைப் பனியை வாரும் சத்தம். லோயிஸ் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். டிசம்பர் கோடுகள் தாளின் பின்பக்கம் புடைக்கும் அளவுக்கு அழுத்திப் போட்டவை. ஜனவரியில் அழுத்தம் குறைந்திருந்தது. பிப்ரவரிக் கோடுகளைத் தாளைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது.

"இதப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன நெனச்சீங்க?"

"பென்சில் மொட்டையாயிடுச்சுன்னு." ஹல்டா தன் வலது கையைப் பார்த்தாள். "சீவிக் குடுத்தேன்."

லோயிஸ் தாளைப் பழைய மடிப்பின்படியே நான்காக மடித்தாள். தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எழுந்துபோய் நடையில் உட்கார்ந்து பனிக்காலணியை மாட்டினாள், அதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அதை முடித்ததும் ஹல்டாவின் கோட்டை ஆணியிலிருந்து எடுத்தாள். வழக்கமாக, கை நுழைக்க வசதியாக விரித்துப் பிடிப்பாள். இன்று நாற்காலி மேல் வைத்தாள்.

"காரை சூடு பண்றேன்" என்றாள். பெரியம்மா என்று சேர்க்கவில்லை.

நிலையத்தில் பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பத்தாருக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். நிலையத்துக்காரர் தாழ்ந்த குரலில் நினைவுபடுத்தினார்: தரை நாலடிக்கு உறைந்து கிடக்கிறது, இன்றைக்குப் புதைக்க முடியாது, பிரார்த்தனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் குளிர்காலப் பெட்டிகளுக்கென்றே இருக்கும் கற்கட்டடத்தில் வைப்பார்கள், ஏப்ரலில் மண் இளகியதும் கூப்பிட்டு அனுப்புவார்கள். தெரியும் என்று ஹல்டா தலையசைத்தாள். அவர்கள் அப்பாவையும் ஒரு பிப்ரவரியில்தான் அப்படி வைத்தார்கள். அப்போது மேவிஸ், அப்பாவுக்கு உள்ளே குளிருமாக்கா என்று கேட்டாள். முப்பது வயது அவளுக்கு.

லோயிஸ் குனிந்து அம்மாவின் நெற்றியை முத்தமிட்டாள். மறுபடியும் விரலில் போட்டுவிட்டிருந்த மோதிரத்தைத் தொட்டாள். பிறகு சுவர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். அங்கே ஒரு நீள பெஞ்சு இருந்தது. உட்காரவில்லை.

ஹல்டா பெட்டி அருகே போனாள். யார் செய்த வேலையோ, தலையணை ஒரு பக்கம் தாழ்ந்து, மேவிஸின் இடது தோள் வலதை விடக் கீழே இறங்கியிருந்தது. சின்ன வயதிலிருந்தே அந்தத் தோள் அப்படித்தான். ஹல்டாவின் கை தானாக நீண்டது. இரண்டு விரலைத் தோளுக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு, அவ்வளவுதான், ஆயிரம் பிள்ளைகளுக்குச் செய்த கை. நீலக் காலருக்கு ஓர் அங்குலம் மேலே போய் அது நின்றது.

பின்னால் நிலையத்துக்காரர் தொண்டையைக் கனைத்தார். லோயிஸ் அசையவில்லை.

ஹல்டா கையைத் திருப்பி எடுத்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். தோள் இருந்தபடியே இருந்தது.

"சரிடி மேவிஸ், இன்னிக்கு உனக்கு விலக்கு."